வயல் பாடசாலையில் கேட்கும் கேள்வி



பச்சையாய் நின்ற வேளாண்மை திட்டுத் திட்டாய்க் கருகினால் அது அறக்கொட்டியின் வேலை என்று ஈச்சிலம்பற்றுக் கமக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளர்ந்தவர்கள் கூடிப் படிக்கும் சிறந்த முறை ஒன்று பிறக்கவும் இந்தப் பூச்சியே காரணமாயிற்று.

இந்தோனேசியாவில் மருந்து அடிக்க அடிக்க அறக்கொட்டி பெருகியது. அதைத் தின்னும் சிலந்திகளையும் மருந்து கொன்றுவிட்டதுதான் காரணம். 1986இல் அந்த நாட்டு அரசு நெல்வயலில் 57 வகைப் பூச்சிநாசினிகளைத் தடை செய்தது. தடை மட்டும் போதுமா? போத்தலை நம்பிப் பழகிய கமக்காரர் இனித் தன் கண்ணை நம்பவேண்டுமே! அதற்காக 1989இல், ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் துணையோடு வயல் பாடசாலைகள் தொடங்கின. 1990களில் அந்த முறை இலங்கைக்கும் வந்தது.

ஏறத்தாழ 25 பேர், கிழமைக்கு ஒருமுறை, போகம் முடியும்வரை வயலில் கூடுவார்கள். ஒருவர் பூச்சி ஒன்றைப் பிடித்துவந்து, “சேர், இது என்ன பூச்சி?” என்று கேட்பார். போதனாசிரியருக்குப் பெயர் தெரியும். ஆனாலும் அவர் திருப்பிக் கேட்பார்: “ஐயா, இதை எங்க கண்டீங்க? இலையிலயா, அடித்தண்டிலயா? அங்க என்ன செய்துகொண்டிருந்தது?” பதில் சொல்லக் கமக்காரர் மறுபடி வயலுக்குள் இறங்கியாக வேண்டும். சிலந்தி இதைத் தின்னுமா என்ற சந்தேகம் வந்தால், இரண்டையும் ஒரு போத்தலில் விட்டு, வாயைத் துணியால் கட்டிவைத்துப் பார்ப்பார்கள்.

பெயரை உடனே சொல்லியிருந்தால், “அப்ப என்ன மருந்து அடிக்க?” என்பதே அடுத்த கேள்வி. படிப்பு அங்கேயே முடிந்திருக்கும்.

மாதர் சங்கத்திலும் மீனவர் சங்கத்திலும் கூடுகிறவர்களுக்கும் இப்படிக் கேள்வி கேட்கும் முறை பொருந்தும். நுண்கடனைப் பற்றி ஒரு மணிநேரம் பேசிவிட்டு, “விளங்கினதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “அக்கா, உங்கட கடன் புத்தகத்தைப் பாருங்க. பத்தாயிரம் எடுத்தீங்க, கட்டி முடிக்கேக்க மொத்தம் எவ்வளவு போயிருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு அவர் கையிலேயே பிறக்கும். அந்தக் கணக்கை அவர் மறக்கமாட்டார்.

கேட்டபின் பொறுத்திருக்கவும் வேண்டும். முதலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லுங்கள். சபையில் வாய் திறக்காதவரும் அங்கே பேசுவார். பூச்சிநாசினியின் அளவு, நோயாளிக்குக் கொடுக்கும் மாத்திரையின் அளவு போன்றவற்றை மட்டும் நேரடியாகவே சொல்லிவிடுங்கள். உயிரோடு விளையாடக்கூடாது.

வளர்ந்தவர்கள் வெறுங்கையோடு படிக்க வருவதில்லை. மழையையும் கடலையும் கடனையும் கண்டு வந்தவர்கள் அவர்கள். நடத்துகிறவர்களே, அடுத்த கூட்டத்துக்கு ஒரேயொரு கேள்வியோடு போங்கள். அதற்கான பதில் உங்கள் குறிப்பேட்டில் இருக்கவேண்டாம். அவர்கள் வயலிலும் வள்ளத்திலும் வீட்டிலும் போய்ப் பார்த்துச் சொல்லக்கூடியதாய் இருக்கட்டும்.