பையைத் தூக்கிக்கொண்டு அலைவதும் தொழில்தான்

(நமது அறக்கட்டளை நடத்திய தொழில் வழிகாட்டுதல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மரியாதைக்குரிய ஜமாஅத் பெரியவர்களே, ஹஜ்ரத் அவர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, பின்வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே!

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழிலைச் சொந்தமாகச் செய்வது பற்றிப் பேசும்படி கமிட்டியில் சொன்னார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. மதரஸாவில் சில வருடங்கள் ஓதிவிட்டு, பிறகு கல்லூரியில் பி.காம். முடித்தவன். எனக்குத் தெரிந்தது கணக்குப் பதிவேடு. ஆகவே பதிவேட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் அழகிய கடன் திட்டத்தில் இந்தத் தொழிலுக்காக இதுவரை நான்கு தம்பிகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறோம். இரண்டு பேர் நன்றாக இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஒருவர் சவூதிக்குப் போய் அங்கிருந்தபடியே தவணையை அனுப்பி முடித்துவிட்டார். நான்காவது தம்பி பதினோரு மாதத்தில் கடையை மூடினார். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் இதைப் பேசுகிறேன்.

அவருக்குக் கொடுத்தது ஒரு லட்சத்து இருபதாயிரம். அதில் கடை முன்பணம் அறுபதாயிரம். கண்ணாடிக் கதவு, பெயர்ப் பலகை, விளக்கு எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம். கருவிகளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் மிஞ்சியது இருபதாயிரம். திறப்பு விழாவுக்கு நாங்கள் எல்லோரும் போனோம், துஆ செய்தோம், பிரியாணி சாப்பிட்டோம், போட்டோ எடுத்து இதே இதழில் போட்டோம். மாத வாடகை ஆறாயிரம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. வாடிக்கையாளர் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றாம் தேதி வந்துவிடும். கடை வைத்தால்தான் தொழில் என்று நினைத்தது அந்தத் தம்பி மட்டுமல்ல. கமிட்டியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட நாங்களும்தான்.

கடையை மூடியபின் தவணையைத் தள்ளிப் போடக் கேட்டு வந்தார். கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை. தேதி, இடம், வேலை, தொகை என்று நான்கு கட்டம் போட்டு ஒழுங்காக எழுதியிருந்தார். தொகை என்ற கட்டத்தில் மஹல்லாக்காரர்கள் பெயருக்கு நேரே பல இடங்களில் கோடு போட்டிருந்தது. சில இடங்களில் 'பிறகு'. ஓரிடத்தில் 'துஆ' என்று எழுதியிருந்தார். ஒரு பெரியவர் விண்டோஸ் போட்டுவிட்டு எழுந்த பிள்ளையிடம், உனக்காக துஆ செய்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தம்பியும் வந்ததை வந்தபடி கணக்கில் எழுதியிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். அதற்கு நான்கு வரி கீழே 'டிரஸ்ட் ஆபீஸ்' என்று இருந்தது. அது நான்.

நடந்தது இதுதான். நம் அலுவலகக் கம்ப்யூட்டரில் வங்கியின் இணையதளம் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று வந்துகொண்டே இருந்தது. வெளியூர் ஆள் ஒருவரிடம் போனில் கேட்டேன். ஃபார்மேட் அடிக்கவேண்டும், எண்ணூறு ரூபாய் என்றார். பிறகு இந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தவர் திரையின் மூலையில் இருந்த தேதியைத்தான் முதலில் பார்த்தார். பல வருடம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032 என்று பெயர், மூன்று வோல்ட். கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால் மெஷினை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பின்னால் போய்விடும். வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஒரு காலவரம்பு உண்டு. கம்ப்யூட்டரின் தேதி தப்பாக இருந்தால் அந்தச் சான்றிதழ் செல்லாதது என்று நினைத்து நிறுத்திவிடும். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரி செய்து, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். இருநூறு கேட்டார். பத்து நிமிட வேலைக்கு இருநூறா என்று சொல்லி நூறு கொடுத்தேன். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

நோட்டில் இப்படி இருந்தது: வரவு 100, பேட்டரி 40, பெட்ரோல் 40, மீதி 20.

என்னுடைய எண்ணூறு ரூபாயையும், ஃபார்மேட்டில் போயிருக்கக்கூடிய அறக்கட்டளைக் கணக்குகளையும் காப்பாற்றிய பிள்ளைக்கு நான் கொடுத்தது இருபது ரூபாய். மேஸ்திரியிடமோ கொத்தனாரிடமோ, நம்ம பையன்தானே, சும்மா செய் என்று நாம் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் வேலையில் வியர்வை தெரிவதில்லை, அதனால் கூலியும் தோன்றுவதில்லை. முதஃப்பிஃபீன் சூரா அளவையில் குறைப்பவர்களைப் பற்றித்தான் தொடங்குகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தராசு வைத்திருக்கும் கடைக்காரரைத்தான் அப்போது நினைத்துக்கொள்கிறோம். பாக்கி நூறு ரூபாயை அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அவருடைய அத்தா டீ கொடுத்தார். அதைக் குடிப்பதற்கே கஷ்டமாக இருந்தது.

இப்போது நன்றாக இருக்கும் இரண்டு பேரில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இவர் வாங்கியது பதினெட்டாயிரம்தான். கடையே கிடையாது. பழைய ஸ்கூட்டர், தோளில் ஒரு பை. ஒருநாள் அந்தப் பையைத் திறந்து காட்டச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவர் செட், மல்டிமீட்டர், தூசி ஊதும் ப்ளோயர், தெர்மல் பேஸ்ட், நெட்வொர்க் கேபிள் அடிக்கும் கிரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர், பென் டிரைவ் இரண்டு. இவற்றோடு நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ரேம், ஒரு எஸ்.எம்.பி.எஸ். அது எதற்கு என்று கேட்டேன். சந்தேகப்படும் பாகத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டிப் பார்ப்பேன், மெஷின் உயிர் பெற்றால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும், வாடிக்கையாளரைத் தேவையில்லாமல் புதிதாக வாங்க வைக்கவேண்டாம் என்றார். உதிரிப் பாகங்களை அவர் வாங்கிச் சேர்த்து வைப்பதில்லை. வேலை உறுதியானபின் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வரவழைக்கிறார்.

போனில் கூப்பிடும்போதே வந்து பார்ப்பதற்கு இவ்வளவு, பாகம் மாற்றவேண்டி இருந்தால் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவேன் என்று சொல்லிவிடுகிறார். மெஷினை வீட்டுக்குத் தூக்கிப்போனால் ஒரு சீட்டு எழுதுகிறார். என்ன மாடல், சீரியல் எண், உள்ளே எவ்வளவு ரேம், சார்ஜர் கூட வந்ததா, உறை வந்ததா, என்றைக்குத் திரும்பக் கொடுப்பது, இரண்டு பேர் கையெழுத்து. ஆரம்பத்தில் மஹல்லாவில் சிலர் கோபித்துக்கொண்டார்களாம், எங்களையே நம்பவில்லையா என்று. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகராவின் 282ஆவது. அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சீட்டு எழுதுவது நம்பாதவன் வேலை அல்ல என்று அவர்களுக்குச் சொல்லுங்கள் என்றேன்.

அவருடைய நிலையான வருமானம் வீடுகளிலிருந்து வருவதில்லை. ஒரு ஆடிட்டர் அலுவலகம், இரண்டு பள்ளிக்கூடம், ஒரு கிளினிக், ஒரு ஜவுளிக்கடை என்று எட்டு இடங்களில் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருக்கிறார். சராசரியாக மாதம் ஆயிரத்து ஐநூறு என்றால் பன்னிரண்டாயிரம். யாரும் கூப்பிடாத மாதத்திலும் அது வரும். பதிலுக்கு அவர் மாதம் ஒரு தரம் போய்த் தூசி தட்டி, பேக்கப் எடுத்து, யு.பி.எஸ். பேட்டரியைப் பார்த்துவிட்டு வரவேண்டும். புதிதாகத் தொடங்கும் தம்பிகள் முதல் ஆறு மாதம் இப்படி மூன்று இடத்தைப் பிடிப்பதில் கவனம் வையுங்கள். அதற்குப் பிறகு கடையைப் பற்றி யோசிக்கலாம், யோசிக்காமலும் இருக்கலாம்.

அடுத்து அமானிதம். இதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும்.

நம் மஹல்லாவில் ஒரு சகோதரியின் கணவர் மவுத்தாகிவிட்டார். அவருடைய லேப்டாப்பில் பிள்ளைகளின் போட்டோக்களும், அவர் பேசிப் பதிவு செய்து வைத்த குரலும் இருந்தன. மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று உறவுக்காரர் ஒருவர் வெளியூரில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது, வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சகோதரி திறந்து பார்த்தபோது எல்லாம் துடைத்துக் கிடந்தது.

நம் தம்பியிடம் அது வந்தது. அவர் முதலில் செய்தது மெஷினை ஓட்டுவதை நிறுத்தியது. அழிந்த கோப்பு உடனே இல்லாமல் போய்விடுவதில்லை, அதன் இடம் காலி என்று குறித்து வைக்கப்படும், அதன்மேல் வேறொன்று எழுதப்பட்டால்தான் நிரந்தரமாகப் போகும் என்று எனக்கு விளக்கினார். டிஸ்க்கைக் கழற்றி, அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் வைத்துத்தான் தேடினார். போட்டோக்களில் ஒரு பகுதி கிடைத்தது. குரல் பதிவுகளில் இரண்டு. மற்றவை புது விண்டோஸுக்கு அடியில் போய்விட்டன. அது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், அதனால் இதுவாவது கிடைத்தது. எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால் அழித்த இடத்தை அதுவே சீக்கிரம் துடைத்து வைத்துக்கொள்ளும், பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

கிடைத்ததை அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவில்லை. அந்தச் சகோதரியும் அவருடைய அம்மாவும் இருக்கும்போது, அவர்கள் கையாலேயே திறக்கச் சொன்னார். கொடுத்து முடித்ததும் தன்னிடம் இருந்த பிரதியை அவர்கள் கண்முன்னே அழித்தார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தம்பிகளே, உங்கள் கையில் வருவது வெறும் மெஷின் அல்ல, ஒரு வீட்டின் உள்ளறை. மற்றவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமில்லாமல் எடுப்பதும் பரப்புவதும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்று வருடம்வரை சிறைக்குரிய குற்றம்.  சும்மா திறந்து பார்ப்பதைத் தடுக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள். டிஸ்க் மாற்றினால் பழையதை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். வீட்டு வேலைக்குப் போனால் ஆண்கள் இருக்கும் நேரம் கேட்டுப் போங்கள்.

இங்கே திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சகோதரிகளுக்கு ஒன்று. எத்தனையோ பெண்கள் தங்கள் லேப்டாப்பை வெளியாளிடம் கொடுக்கத் தயங்கி, பழுதானதை அப்படியே பீரோவில் வைத்திருக்கிறார்கள். இந்தத் தொழிலைப் பெண்பிள்ளைகள் கற்றுக்கொண்டால், வீட்டில் ஒரு மேஜை போட்டே அந்த வேலைகளை எடுக்கலாம். மென்பொருள் கோளாறுகளைத் தொலைவிலிருந்தே பார்த்துச் சரி செய்யவும் வழி இருக்கிறது. பளு தூக்குகிற வேலை இதில் குறைவு, பொறுமை வேண்டிய வேலை அதிகம்.

எங்கே படிப்பது? ஐ.டி.ஐ.க்களில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர், நெட்வொர்க் பராமரிப்பு என்றே ஒரு பிரிவு உண்டு. எந்த ஊரில் இடம் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறோம். கம்ப்டியா நிறுவனத்தின் ஏ ப்ளஸ் என்ற சான்றிதழ் 1993 முதல் இருக்கிறது, இரண்டு தேர்வு. கட்டணம் டாலரில், அதனால் இப்போது வேண்டாம். ஆனால் அதன் பாடத்திட்டத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அதை வைத்து வரிசையாகப் படியுங்கள். அத்துடன் ஒரு வருடமாவது நல்ல டெக்னீஷியன் ஒருவரிடம் எடுபிடியாக நில்லுங்கள். பழைய மெஷின் ஒன்றை வாங்கி நூறு தரம் கழற்றி மாட்டுங்கள்.

திருட்டு விண்டோஸ் போடலாமா என்று கேட்பீர்கள். மார்க்கத் தீர்ப்பை ஹஜ்ரத்திடம் கேளுங்கள், நான் அந்த இடத்தில் இல்லை. சட்டத்தைச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருடம்வரை சிறையும் ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம்வரை அபராதமும் உண்டு. நீங்கள் போட்டுக் கொடுத்த கடைக்காரர் மாட்டுவார், கூடவே நீங்களும். பணமில்லாத வாடிக்கையாளருக்கு உபுண்டுவும் லிப்ரே ஆபீஸும் இருக்கின்றன, இரண்டும் இலவசம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பதால் பல பழைய மெஷின்களில் அது முறைப்படி ஏறாது. இதைச் சொல்லிப் பயமுறுத்திப் புது மெஷினை விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு எஸ்.எஸ்.டி.யும் லினக்ஸும் போட்டால் பள்ளிப் பிள்ளைக்கு இன்னும் சில வருடம் ஓடும் என்று சொல்லுகிறவர் அந்த வீட்டின் நிரந்தர டெக்னீஷியன் ஆகிவிடுவார்.

உத்யம் பதிவு அரசின் தளத்தில் இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். அதற்குப் பணம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் போகவேண்டாம், நம் அலுவலகத்திலேயே போட்டுத் தருகிறோம். சேவைத் தொழிலில் நம் மாநிலத்தில் ஆண்டு வரவு இருபது லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவும் தேவையில்லை.

பெற்றோர்களுக்கு ஒரே வார்த்தை. பெண் பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால், சும்மா கம்ப்யூட்டர் ரிப்பேர், அரபு நாட்டுக்கு முயற்சி பண்ணுகிறார் என்று சொல்லாதீர்கள். அந்த 'சும்மா' பையனின் காதில் விழுகிறது.

கமிட்டி இரண்டு முடிவு எடுத்திருக்கிறது. இனி இந்தத் தொழிலுக்கான முதல் கடன் கருவிகளுக்கும் வண்டிக்கும் மட்டும்தான், இருபத்தைந்தாயிரத்துக்குள். கடை முன்பணத்துக்குக் கிடையாது. இரண்டாவது, அறக்கட்டளை, பள்ளிவாசல், மதரஸா மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களுக்கும் ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் பணம் கொடுக்கப்போகிறோம். முதல் ஒப்பந்தம் கடையை மூடிய அந்தத் தம்பிக்கு. அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், சீட்டு எழுதித்தான் வேலை செய்வேன் என்ற நிபந்தனையோடு.

கடன் படிவம் அலுவலகத்தில் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் கிடைக்கும். வரும் தம்பிகள் அத்தாவையோ அம்மாவையோ கூட அழைத்து வாருங்கள். செய்த வேலைகளை எழுதிய நோட்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், நான் படிக்கவேண்டும்.