பட்டினத்துப் பொழில்களில் ஒரு பகல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

துறைமுகப் பட்டினம் ஒன்றில் சோலை சோலையாக உலாவிக் கழித்த ஒரு பகலைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அந்தப் பட்டினம் காவிரிப்பூம்பட்டினம். உலாவியவர்கள் இரு பெண்கள், மணிமேகலையும் சுதமதியும். காட்டியவர் மதுரைச் சீத்தலைச் சாத்தனார். அவர் கூலவாணிகர் என்பது மரபு. பருப்பும் மல்லியும் வற்றலும் மலைபோற் குவியும் விருதுநகர்க் கடைவீதிக்கு அவர் அந்நியர் அல்லர்.

‘மலர்வனம் புக்க காதை’யை நாம் பெரும்பாலும் இயற்கை வருணனைக்காகவே போற்றுகிறோம். ஆனால், அந்த உலா இன்பத்தின்பொருட்டு நிகழ்ந்ததன்று. கோவலனும் கண்ணகியும் உற்ற துயர் கேட்டு மணிமேகலை அழுத கண்ணீர், அவள் தொடுத்த மாலையில் வீழ்ந்து அதன் தூய்மையைக் கெடுத்தது. புதுமலர் கொய்து வருமாறு தாய் மாதவி பணித்தாள். மாதவியும் கோவலனும் கடலாடியது பொழுதுபோக்கு. மகள் சோலைக்குச் சென்றதோ வேலையின் நிமித்தம்.

தனியே செல்லவிடாது உடன் புறப்பட்டவள் சுதமதி. சண்பை நகரில் மலர் கொய்துகொண்டிருந்தபோது ஒரு விஞ்சையனால் கவர்ந்து செல்லப்பட்டவள் அவள். சோலை பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதை அவள் ஏட்டில் படித்து அறியவில்லை.

ஆகவேதான் ஒவ்வொரு சோலையாக விலக்குகிறாள். இலவந்திகையில் அரசனைச் சார்ந்தோர் இருப்பர். உய்யானம் வானவர்க்குரியது, பூதம் காப்பது. சம்பாதி வனத்திலும் கவேர வனத்திலும் அணங்கு உண்டு. எஞ்சியது உவவனம் ஒன்றே. அங்கும் உதயகுமரன் தேரேறி வந்துவிடுகிறான். மணிமேகலை பளிக்கறைக்குள் ஒளிகிறாள். ஐந்து பொழில்கள் கொண்ட மாநகரில், ஒரு பெண் அச்சமின்றி நிற்க ஒரு மரநிழல் இல்லை. காப்பியத்தின் அழகுக்கு அடியில் இந்த உண்மை கிடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரித் தோழியர் நால்வருடன் மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் சென்றேன். சிலப்பதிகாரக் கலைக்கூடத்துச் சிற்பங்களை ஆற அமரக் கண்டோம். இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பாவை மன்றம் என்று பெயர் சொல்லிச் சொல்லி நடந்தோம். பல்லவனேச்சுரத்தில் புத்த விகாரத்தின் செங்கல் அடித்தளத்தருகே நெடுநேரம் நின்றோம். சமைக்கவேண்டிய உலையோ, திருத்தவேண்டிய விடைத்தாளோ இல்லாத பகல். “இப்படி நடந்து எத்தனை நாளாயிற்று!” என்றார் ஒருவர். எவரும் விடை கூறவில்லை.

அவ்வினாவை நம் மண்ணுக்குக் கொண்டுவருகிறேன். இது வானம் பார்த்த கரிசல் பூமி. எந்த வறட்சி இங்கே பொழில் வளரவிடவில்லையோ, அந்த வறட்சியே மருந்தையும் குச்சியையும் உலர்த்தித் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வாழ்வளித்தது. இருள் பிரியுமுன் ஆலைப் பேருந்தேறும் பெண்கள் பொழுது சாய்ந்தே ஊர் திரும்புகின்றனர். எந்த இடம் தீங்கற்றது என்னும் சுதமதியின் கணக்கை நாள்தோறும் போடுபவர்கள் அவர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் வெடித்த நெருப்பு, அக்கணக்கு எவ்வளவு எளிதில் பொய்க்கும் என்பதைக் காட்டியது. ஊரெங்கும் தீபாவளிக்கு வானில் மலரும் பூக்கள் இவர்கள் தொடுத்தவை. தொடுத்தவர்க்கோ ஓய்ந்தமர ஒரு பூங்கா அரிது.

கவிஞர் பெருமக்களே! மத்தாப்பின் ஒளியைப் பாடிய கவிதைகள் நம்மிடம் நிறைய உண்டு. சாத்தனார் மலரை மட்டும் பாடவில்லை. மலர் கொய்யப் போனவளின் அச்சத்தையும் எழுதினார். அந்த வழி நமக்கும் உரியது.

ஒரு வேண்டுகோளுடன் நிறைவு செய்கிறேன். பத்தாண்டுகளாக நம் வட்டம் இரவு ஏழு மணிக்கு மாடியறையில் கூடுகிறது. அந்நேரத்தில் அவ்வறைக்கு வந்துபோகும் பெண்கள் எத்தனை பேர் என்பதை உறுப்பினர் அனைவரும் அறிவர். பதினோராம் ஆண்டிலேனும் திங்களுக்கு ஒரு கூட்டத்தை, ஆலை விடுமுறையாகிய ஞாயிறன்று காலையில், ஒரு வேப்பமரத்தடியில் நடத்துவோமாக. பூங்கா அமையும்வரை அம்மரமே நமக்கு உவவனம் ஆகட்டும்.