ஆவடியைத் தேடி எழும்பூருக்கு

நடுவர் அவர்களே, ஆய்வுக்கு நூலகம் எதற்கு, கைப்பேசியே போதும் என்று எதிரணி நண்பர்கள் அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார்கள்.

எதிரணித் தலைவி கேட்டார்: "ஆவடியில் உட்கார்ந்தபடி இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு எழும்பூர் வரை எதற்கு ரயிலேறணும்?" கைதட்டலும் விழுந்தது. சரி, ஆவடியையே எடுத்துக்கொள்வோம். 1955 ஜனவரியில் இந்த ஊரில் தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் இங்கேதான் நிறைவேறியது. இதைத் தலைப்பாக எடுத்த மாணவர் கைப்பேசியில் தட்டினால் என்ன வரும்? நான் இப்போது சொன்னது வரும். தளம் தளமாகப் போனாலும் அதேதான், கமாகூட மாறாது. அத்தனையையும் அடிக்குறிப்பில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால், கைடு கையெழுத்துப் போடுவாரா, கையெடுத்துக் கும்பிடுவாரா?

பந்தல் யாருடைய நிலத்தில் போட்டார்கள், கூட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, தீர்மானத்தில் யாருக்கு மனத்தாங்கல்? இதற்கெல்லாம் அந்த மாதத்துச் சுதேசமித்திரன் நாளிதழ் வேண்டும், தினமணி வேண்டும். எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகத்துக்குப் போகத்தான் வேண்டும். அங்கே நூற்பட்டியலில் 'ஆவடி' என்று தேடினால் பெரிதாக ஒன்றும் சிக்காமல் போகலாம். அங்கேதான் ஐயா ஆய்வே ஆரம்பிக்கிறது! 'காமராஜர்' என்று தேடு, 'தேபர்' என்று தேடு, 'திட்டமிடல்' என்று தேடு. கிடைத்த ஒரு புத்தகத்தின் பின்பக்க நூற்பட்டியைப் பிடித்து அடுத்த புத்தகத்துக்குப் போ. அலமாரியில் அதன் பக்கத்தில் நிற்பதையும் புரட்டு. மாநாட்டைத் தேடிப் போனவர் 1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் போய் நிற்பார். அங்கிருந்து 1960-களின் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வருவார். தன் அப்பா ஷிப்டுக்குப் போன கம்பெனி ஏன் இந்தப் பக்கம் முளைத்தது என்று கேட்பார். அந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று வீட்டில் இருந்தவருக்குத் தோன்றியிருக்குமா?

நூலகத்துக்குப் போனால் நேரம் வீணாம்! நூலகவியலுக்கு ஐந்து விதி வகுத்த எஸ்.ஆர்.ரங்கநாதன், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதையே 1931-இல் ஒரு விதியாக வைத்துவிட்டார். நூலகரிடம் வாய்திறந்து கேட்காதவர்தான் நேரத்தைத் தொலைக்கிறார்.

"பழைய நூல்கள்தான் இணையத்திலேயே இருக்கிறதே" என்றார் இன்னொரு நண்பர். இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். அது வானத்திலிருந்தா விழுந்தது? யாரோ சேர்த்துவைத்ததுதானே! விளம்பரப் பலகை எழுதிய கோட்டையூர் ரோஜா முத்தையா நாடக நோட்டீஸைக்கூடத் தூக்கி எறியாமல் சேர்த்தார். அந்தச் சேகரிப்பு நூலகமாகி, தரமணிக்குப் போகுமுன் நம் அம்பத்தூர்ப் பக்கம் முகப்பேரில்தான் இருந்தது. மின்னூலகமும் நூலகம்தான், என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் நண்பர்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். தீர்ப்புக்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். ஆவடித் தீர்மானத்தை எதிர்த்துப் பேசியவர்கள் யார் என்று எதிரணியினர் தேடிச் சொல்லட்டும். எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்ற ஆதாரத்தோடு. கைப்பேசி அவர்கள் கையில்தான் இருக்கிறது.