இளம் மாணவரும் இசைக் கற்பனையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் ஊர்களிலே இசைக் கல்வி ஓர் ஒழுங்கு பெற்றுள்ளது. 1931 இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்தி அதற்கு வழி செய்தது. 1960 இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் சங்கீத அக்கடமி உயர்கல்விக்கு வாயில் திறந்தது. இவற்றால் நாம் அடைந்த நன்மை பெரிது. ஆயினும் ஒரு வினாவை எழுப்பாதிருக்க முடியவில்லை. பரீட்சையிற் சித்தியடைந்த பிள்ளை அதன்பின் வீணையைத் தொடுகின்றதா? பல வீடுகளில் வீணை உறையிடப்பட்டு மூலையிற் கிடக்கின்றது. காரணம் யாது? அந்த வீணையிலே தன் சொந்தச் சொல் ஒன்றையேனும் அப்பிள்ளை பேசியதில்லை.

நமது சங்கீதத்திற் கற்பனை என்பது பின்னர் ஒட்டிய அலங்காரமன்று. ஆலாபனை, தானம், நிரவல், கற்பனாசுரம் யாவும் மனோதர்மத்தின் பாற்பட்டவை. கற்பனாசுரத்துக்குப் பெயரிலேயே கற்பனை இருக்கின்றது. அதனையும் கொப்பியில் எழுதிக் கொடுத்து மனனம் செய்விப்பதானால், அப்பெயருக்குப் பொருள்தான் என்ன?

ஏட்டிலுள்ள சுரம் மட்டும் இசையாகாது. தோடிக்கும் கரகரப்பிரியாவுக்கும் உரியது சாதாரண காந்தாரமே. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். கமகத்திலோ இரண்டும் வெவ்வேறு. இந்த வேறுபாட்டைக் கண் காட்டாது, காதே காட்டும். திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை (1898–1956) அவர்களின் நாதசுரத்தில் தோடியைக் கேட்ட பிள்ளைக்குக் காந்தாரத்தை விளக்கப் பல சொற்கள் வேண்டா. ஆகவே, திருவிழா மேளத்தின் முன் பிள்ளைகளை இருத்திக் கேட்கப் பழக்குவது முதற் கடமை.

“அடிப்படை உறுதியாகட்டும், கற்பனை பிறகு தானே வரும்” என்று பெரியோர் சிலர் கூறுவர். அடிப்படை வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் குழந்தை நன்னூல் படித்து முடித்த பின்னரா பேசத் தொடங்குகின்றது? மழலை பேசிப் பேசியே மொழி திருந்துகின்றது. இசையிலும் மழலைக்கு இடமளிக்க வேண்டும்.

இதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை முடித்த பிள்ளையிடம், ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குள் தானாகவே ஒரு சுரவரிசை அமைத்துச் சட்சத்தில் வந்து நிற்கும்படி கேட்கலாம். ஆசிரியர் ஒன்று வாசிக்க, மாணவர் மறுமொழியாக ஒன்று வாசிக்கலாம். தாளம் தவறினால் திருத்துவோம். இராகத்துக்குப் புறம்பான சுரம் விழுந்தால் எடுத்துக் காட்டுவோம். முயன்றமைக்காக மட்டும் ஏசாதிருப்போம். அச்சம் புகுந்த விரலிலே பாவம் பிறவாது.

கீர்த்தனை கற்பிக்கும்போது சாகித்தியத்தின் பொருளையும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். இரந்து நிற்கும் அடியையும் மகிழ்ந்து துள்ளும் அடியையும் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் வாசிக்கும் பிள்ளை, பொருளறியாமலே வாசிக்கின்றது. தாளமின்றி விருத்தமாகப் பாடும் பழக்கமும் நன்று. எங்கே நிறுத்துவது, எச்சொல்லை நீட்டுவது என்று அங்கே பிள்ளையே தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது.

மேனாட்டு இசை எழுதியதை மட்டும் வாசிப்பது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். மிஷன் பாடசாலைப் பியானோவின் அருகே வளர்ந்த நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். மோசார்ட்டும் பீத்தோவனும் முன்னெழுதாது அவ்விடத்திலேயே கற்பித்து வாசிப்பதில் வல்லவர்கள். அம்மேனாட்டு வயலினை ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் கற்ற பாலுசுவாமி தீட்சிதர், அதில் நமது இராகங்களை வாசித்துக் காட்டினார். அவரும் கற்றதோடு நின்றிருந்தால், இன்று நம் கச்சேரி மேடையிலே வயலின் ஏது?

பெற்றோர்களே, பிள்ளை வீடு திரும்பியதும் “எத்தனை புள்ளி?” என்று மட்டும் கேளாதீர்கள். “இன்று நீயாக என்ன வாசித்தாய்?” என்றும் கேளுங்கள். அது வாசிப்பதைச் சிறிது நேரம் இருந்து கேளுங்கள். உறையிட்ட வீணைகள் மீண்டும் ஒலிக்கும்.