சிறுதீவுகளின் கூட்டுக் காவல்

சிறுதீவு நாடுகளுக்கு நிலம் குறைவு, கடல் அதிகம். அவ்வளவு கடலையும் தனியாகக் காக்க அவற்றின் வருமானம் போதாது. அயல் நாடுகளோடு சேர்ந்து காவல் காப்பதே கூட்டுப் பாதுகாப்பு. கரிபியன் கடலில் 1982 ஒக்டோபரில் ஐந்து தீவு நாடுகள் இதற்கென உடன்பாடு செய்தன. ஒன்றைத் தாக்கினால் அனைத்தையும் தாக்கியதாகும் என்று அவற்றின் 1996ஆம் ஆண்டு ஒப்பந்தம் சொல்கிறது.

சிறுதீவு தனியாகத் தன்னைக் காக்க முடியாது என்ற பாடம் இந்து சமுத்திரத்துக்கு 1988 நவம்பர் 3ஆம் திகதி கிடைத்தது. அன்று விடியற்காலையில் இலங்கையிலிருந்து படகேறிப் போன ஆயுததாரிகள், ஏறத்தாழ எண்பது பேர், மாலைதீவின் தலைநகர் மாலேயில் இறங்கினார்கள். இவர்கள் புளொட் என்ற இலங்கைத் தமிழ் ஆயுத இயக்கத்தினர். ஆட்சியைக் கவிழ்க்க அவர்களை அமர்த்தியவர் ஒரு மாலைதீவு வர்த்தகர். ஜனாதிபதி மவுமூன் அப்துல் கயூம் ஒளிந்திருந்தபடியே வெளிநாடுகளிடம் உதவி கேட்டார். ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்தியப் பரசூட் படையினர் அன்றிரவே ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கினர். பணயக் கைதிகளுடன் கப்பலில் தப்பியோடியவர்களை இந்தியக் கடற்படை துரத்திப் பிடித்தது. ஒரு நாட்டை நிலைகுலைக்க எண்பது பேர் போதும் என்ற நிலையை உலகம் அன்று கண்டது.

1991இல் இந்தியாவும் மாலைதீவும் ‘தோஸ்தி’ என்ற கரையோரக் காவல் பயிற்சியைத் தொடங்கின. 2012இல் இலங்கையும் சேர்ந்தது. இந்த மூன்று நாடுகளின் உறவே 2020இல் கொழும்புப் பாதுகாப்பு மாநாடு என்ற அமைப்பாக வளர்ந்தது. மொரீஷியஸ், பங்களாதேஷ், சீஷெல்ஸ் ஆகியவை பின்னர் இணைந்தன. 2024 ஓகஸ்டில் அதன் சாசனம் கொழும்பில் கையெழுத்தானது. கடற்பாதுகாப்பு, பயங்கரவாதத் தடுப்பு, கடத்தல் ஒழிப்பு, இணையப் பாதுகாப்பு, அனர்த்த நிவாரணம் ஆகிய ஐந்தும் அதன் பணிகள். ஆனால், இது கரிபியன் ஒப்பந்தத்தைப் போன்ற போர்க் கூட்டணி அல்ல.

நமது மலையூரான எல்லவுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் நினைக்கலாம். வானம் தெளிந்த நாளில் எல்ல மலையிடைவெளியூடே தென்கரைச் சமவெளி தெரியும். இலங்கைத் தரைப்படை அதிகாரிகள் பயிலும் தியத்தலாவையும் எல்ல வழியே செல்லும் ரயில் பாதையில்தான் இருக்கிறது. மாநாட்டின் ஐந்தாவது பணியான அனர்த்த நிவாரணமோ தோட்டத்து லயங்களுக்கே நேராக வருகிறது. 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தவை மண்சரிவு விழுங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மலைகளைச் சரித்தது. அப்போது கொழும்புத் துறைமுகத்தில் நின்ற இந்தியக் கடற்படைக் கப்பலிலிருந்து ஹெலிகொப்டர்கள் மீட்புப் பணிக்குப் பறந்தன.

ஆறு நாடுகளும் தங்கள் மேசையில் பேசுவது நல்லதுதான். ஆனால், மலை சரியுமுன் அதன் எச்சரிக்கை லயத்து வாசலுக்கு வந்து சேர வேண்டும். இந்த மலைநாட்டில் கூட்டுப் பாதுகாப்புக்கு அதுதான் அளவுகோல்.