வாடகை வீட்டில் தேகப்பயிற்சி



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர்களில் பலர், நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிகின்றவர்கள். சொந்த ஊரில் நோயுற்றுப் படுத்தால் உற்றார் உறவினர் ஓடி வருவர். இங்கோ, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் கை தளர்ந்துபோனால் இரண்டு குடும்பங்கள் தவிக்க நேரிடும். ஆதலால் உடலைப் பேணுதல் நமக்குப் பொழுதுபோக்கன்று, கடமையாகும். அதற்கு வேண்டிய சாதனங்களை அளவான செலவில் எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இன்று ஆராய்வோம்.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள், வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கின்றன. அத்துடன், வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். முதலாவதற்கு நடை போதும். நல்ல காலணியைத் தவிர வேறு செலவில்லை. நாம் மறந்துவிடுவது இரண்டாவதைத்தான். உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்பவை தசைகளே. நீரிழிவு மலிந்துள்ள இக்காலத்தில் அவற்றைச் சோரவிடலாகாது. ஆகவே நடை தராத பயனுக்கே, அதாவது தசை வலிமைக்கே, கைப்பொருளைச் செலவிடுதல் தகும்.

நடைமுறையில் நாம் செய்வது என்ன? நவம்பர் பிறந்தால் டில்லியில் புகைமூட்டம் கவிகிறது. மும்பையிலோ ஜூன் முதல் மழை. வெளியே நடக்க இயலவில்லை என்றதும் டிரெட்மில் வாங்கத் துணிகிறோம். விளம்பரத்தில் பெரிதாகக் காட்டப்பெறும் குதிரைத்திறன் பல வேளைகளில் கணநேர உச்ச அளவேயாகும். தொடர்ந்து ஓடும்போதுள்ள திறனையே கேட்டறிய வேண்டும். அது தாங்கும் உடல் எடை, ஓடுவாரின் நீளம், பழுதுபார்க்கும் வசதி ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும். எல்லாம் பொருந்தினாலும் அதன் அதிர்வு கீழ்வீட்டாருக்கு இடையூறாகக்கூடும். வேலை மாற்றம் வந்தால் லாரிக்கூலி வேறு. சில திங்களில் அது துணி உலர்த்தும் கொடியாக மாறுவதையும் நாம் காணாமலில்லை. மழைநாளில் மாடிப்படிகளில் ஏறி இறங்கினாலே போதுமானது.

வாடகை வீட்டிற்கு ஏற்றவை மூன்று பொருள்கள்.

முதலாவது, பயிற்சிப் பாய். தரையில் விரித்து உள்ளங்கையை ஊன்றித் தள்ளிப் பாருங்கள், வழுக்கினால் வேண்டா.

இரண்டாவது, இழுத்துப் பயிலும் ரப்பர் பட்டை. பெட்டியின் ஒரு மூலையில் அடங்கிவிடும். வாங்கும்போதும், பின்னர் ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் வெடிப்பு உண்டா என்று பார்த்தல் இன்றியமையாதது. அறுந்த பட்டை கண்ணைத் தாக்கக்கூடும். அதை வெயிலில் போட்டுவைக்கலாகாது.

மூன்றாவது, வட்டுகளைக் கூட்டவும் குறைக்கவும் இயன்ற ஒரு ஜோடி டம்பெல். பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்டு நிரப்பிய வட்டு விலை மலிவு. கீழே விழுந்தால் பிளந்துவிடக்கூடும். வார்ப்பிரும்பு வட்டு தலைமுறைக்கும் உழைக்கும்; பழையதாயினும் குறையில்லை. பொறித்துள்ள எடையை நம்பிவிடாமல் தராசில் நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். வட்டுகளை இறுக்கும் திருகு உறுதியாகப் பிடிக்கிறதா என்று சோதித்தலும் வேண்டும். 1947ஆம் ஆண்டின் பிரிவினைக்குப் பின் சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர்களால் விளையாட்டுப் பொருள் தொழில் செழித்த ஊர்கள் மீரட்டும் ஜலந்தரும். அவற்றின் அருகில் வாழ்பவர்கள் அங்குள்ள விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் கர்லாக்கட்டை என்னாயிற்று என்று சிலர் கேட்கலாம். அதன் இனமான முக்தரை வடநாட்டு அகாடாக்களில் இன்றும் சுழற்றுகின்றனர். மின்விசிறி தொங்கும் சிற்றறையில் மட்டும் அதனைச் சுழற்ற முற்படாதீர்கள்!

இவற்றையும் உடனே வாங்க வேண்டுவதில்லை. ஒரு திங்கள் காலம் வீட்டிலுள்ளவற்றைக் கொண்டே பயின்று பாருங்கள். ஒரு லிட்டர் நீர் நிறைந்த புட்டி ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ளது. கைக்கொன்றாக எடுத்துத் தூக்கலாம். துணிப்பையிலிட்ட ஐந்து கிலோ அரிசி அடுத்த படி. நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து அமர்தல் கால்களுக்கு நன்று. சுவரில் கையூன்றிச் செய்யும் தண்டால் தோள்களுக்கு நன்று. நான்கு வாரம் தவறாமல் வாரத்திற்கு இரு நாள் செய்து முடித்தவர், அதன் பின் கடைக்குச் செல்லட்டும். அவர் வாங்கும் பொருள் வீணாகாது.

இதயநோய், இரத்த அழுத்தம் முதலியன உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. எடை தூக்குங்கால் மூச்சை அடக்கலாகாது. தூக்கும்போது வெளிவிட்டு, இறக்கும்போது உள்ளிழுக்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, நம் பெட்டியை நாமே தூக்கிக்கொண்டு ரயிலேறுவோமாக.