மென்பொருள் தொழிலும் மானேஜர் பதவியும்

(பெரம்பலூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் கணிப்பொறித் தொழிலைப்பற்றிப் பேச எழுந்தமை சிலருக்கு நகைப்பை விளைத்தலுங் கூடும். ஆயினும், பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் என்னிடம் இலக்கணம் பயின்ற பிள்ளைகள் பலர் இன்று சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் பெங்களூரிலும் அத்தொழிலே புரிகின்றனர். பொங்கலுக்கு ஊர் வருங்கால் அவர்கள் என்னிடம் சொல்வதும், அவர்தம் பெற்றோர் என்னை வினவுவதும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. அம்முரணே யான் இன்று பேசப் புகுந்த பொருள்.

பெற்றோர் வினவுவது ஒன்றே. "பையனுக்கு முப்பத்துமூன்று வயதாகிறது, இன்னும் மானேஜர் ஆகவில்லையே, ஐயா?" என்பர். நம் சங்கத்து வரன் பதிவேட்டைப் பார்க்க வருவோரும், சம்பளத்தைக் கேட்ட அடுத்த மூச்சில் இதனையே கேட்கின்றனர். கணிப்பொறிக்குரிய கட்டளைகளை நிரலாக எழுதுதல் கீழ்ப்படி, எழுதுவோரை நடத்துதல் மேற்படி என்பது இவ்வினாவின் அடியிலுள்ள எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பது என் துணிபு. அவை ஓரேணியின் இரு படிகள் அல்ல. இரு வேறு தொழில்கள்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி நாடெங்கும் வீடாகின்றது. ஆதலின் வீடு கட்டுவோரையே சான்றாகக் கொள்வோம். கைத்திறம் மிக்க கொத்தனார் ஒருவர் மேஸ்திரியாகிக் கட்டடங்கள் பலவற்றை ஏற்று நடத்தத் தொடங்கினால் கரண்டி அவர் கையைவிட்டு அகலும். பின்னர் அவர் அறியவேண்டுவன வேறு. இன்று எத்தனை சித்தாள் வந்தனர், எத்தனை மூட்டை செலவாயிற்று, வீட்டுக்காரர் மனம் ஏன் வாடியது, இருவர் பிணங்கினால் எவரை எச்சுவருக்கு அனுப்புவது என்பனவே அவர் கவலை. நல்ல கொத்தனாரெல்லாம் நல்ல மேஸ்திரியாவர் என்பதற்கு உறுதி யாது? எங்கள் தொழிலிலும் இஃது உண்டு. வகுப்பில் சிங்கம்போல் நின்று பாடஞ்சொன்னவர் தலைமையாசிரியரானபின் சத்துணவுக் கணக்கிலும் புள்ளிவிவரப் படிவங்களிலும் மூழ்கிச் சாக்பீஸையே மறந்ததை யான் கண்டிருக்கின்றேன்.

ஜயங்கொண்டம் பக்கத்து மாணவர் ஒருவர், மானேஜரான முதலாண்டிலே, என்னிடம் கூறினார்: "ஐயா, முன்பு மாலையில் நான் எழுதியது ஓடும், அல்லது ஓடாது, ஓடாவிட்டால் பிழை எங்கே என்று தேடுவேன். கண்டவுடன் பசி தீர்ந்தாற்போல் இருக்கும். இப்போது பகலெல்லாம் பேசுகிறேன். மாலையில் இன்று என்ன செய்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை." அவரே மூன்றாண்டு கழித்து வந்தபோது வேறு பேசினார். தம் கீழ்ச் சேர்ந்த பெண்ணொருத்தி வாய் திறக்கவும் அஞ்சியவள். இன்று வெளிநாட்டு வாடிக்கையாளர் அவளையே பெயர் சொல்லி அழைக்கின்றனர். அதனைக் காண்கையில் தாம் எழுதிய எந்நிரலினும் மிக்க மகிழ்ச்சி உண்டாகின்றது என்றார். இவ்விரண்டாம் மகிழ்ச்சி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அது தாமதித்தே வருவது; அதுவரை பொறுத்திருக்கும் இயல்பினர்க்கே அது உரியது.

ஆளை நடத்தல் தனி வித்தை என்பது நம்மவர்க்குப் புதிதன்று. திருவள்ளுவனார் ஆளை ஆராய்ந்து தெளிதற்கு 51ஆம் அதிகாரத்தையும், தெளிந்தாரை வினையில் ஆளுதற்கு 52ஆம் அதிகாரத்தையும் வெவ்வேறாக வகுத்தனர். மென்பொருளில் இவ்வித்தையின் அருமையை எடுத்துக் காட்டியவர் அமெரிக்கராகிய பிரெடெரிக் புரூக்ஸ். ஐ.பி.எம். கம்பெனியின் 'சிஸ்டம்/360' என்னும் கணிப்பொறிக்குரிய மென்பொருளாக்கத்தை நடத்திய இவர், 1975இல் வெளியிட்ட நூலில், காலந்தாழ்த்த வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது இன்னுந் தாழும் என்றார். கணக்குப் பார்ப்பின் விளங்கும். நால்வர் வேலை செய்யின் இருவர் இருவராகப் பேசித் தெளியவேண்டிய இணைகள் 6. பதின்மர் ஆயின் 45. நெல்லறுப்புக்கு ஆள் கூடினால் பொழுதோடு முடியும். கருத்தால் நெய்யும் வேலைக்கு அவ்விதி பொருந்தாது. மேலிடத்தார் "இன்னும் ஐவரைத் தருகிறோம்" என்னும்போது வேண்டாமென்று சொல்லத் துணிவது மானேஜரின் கடமைகளுள் ஒன்று.

இப்பதவியில் ஏறி உயர்ந்தாருக்கு நம் பக்கத்திலேயே சான்றுண்டு. நாமக்கல் ஜில்லா மோகனூரிற் பிறந்த நடராஜன் சந்திரசேகரன் அவர்கள் அரசுப் பள்ளியில் தமிழிற் பயின்று, கோவையிற் பட்டம் பெற்று, நமக்கு அணித்தாகிய துவாக்குடி மண்டலப் பொறியியற் கல்லூரியில் 1986இல் கணிப்பொறிக் கல்வியை முடித்தார். 1987இல் டாடா கன்சல்டன்சியிற் சேர்ந்தார். 2009இல் அதன் தலைமை நிர்வாகியானார். 2017இல் டாடா சன்ஸின் தலைமையை ஏற்றார். பெற்றோர் இதனையே கேட்டு மகிழ்கின்றனர். ஆனால் 1987க்கும் 2009க்கும் இடையே 22 ஆண்டு கிடந்தமையை அவர்கள் எண்ணுவதில்லை.

மற்றொருவர் தஞ்சைப் பக்கத்துச் ஸ்ரீதர் வேம்பு அவர்கள். 1996இல் தொடங்கிப் பின்னர் ஸோஹோ எனப் பெயர்பெற்ற கம்பெனியை வளர்த்தவர். 2025 ஜனவரியில் அவர் தலைமை நிர்வாகிப் பதவியை விட்டுத் தலைமை விஞ்ஞானி என்னும் பொறுப்பிற்கு மாறி, ஆராய்ச்சி வேலைக்கே திரும்பினார். உச்சியினின்று இறங்கினார் என்று எவரேனுஞ் சொல்லின், ஏணி என்னும் உவமையை அவர் இன்னும் விடவில்லை என்க.

இனிக் கசப்பான ஒன்று. 2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி நிறுவனம், தன் ஆறு லட்சம் பேரில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேருக்கு மேற்பட்டோரை விலக்கப்போவதாக அறிவித்தது. அவர்களுட் பெரும்பாலோர் நடுநிலையிலும் மேல்நிலையிலும் உள்ளவர்கள். நாம் எப்படியை அடைந்தால் பிள்ளை பத்திரம் என்று கருதினோமோ அப்படியிலேயே வெட்டு விழுந்தது. நாற்பத்தைந்து வயதில், வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தலைமேலிருக்க, பதினைந்தாண்டாக நிரல் தொடாத கையோடு வேறு வேலை தேடுதல் எளிதன்று. இயந்திரமே நிரல் எழுதும் காலமாயிற்றே என்பர். மெய்தான், ஆயினும் அது எழுதியதில் பிழை காண வல்லவன் தேவைப்படுகின்றான். அவ்வல்லமை பழகாத கைக்கு நில்லாது.

ஆதலின் மானேஜராக விரும்பும் இளைஞர் ஆகுக. ஆனபின்னும் கிழமைக்குச் சில நாழிகையேனும் தொழிலைத் தொட்டுக்கொண்டிருத்தல் நலம். விரும்பாதார், ஆட்களை நடத்தாமலே நிபுணராக உயரும் வழி தங்கள் கம்பெனியில் உண்டாவென்று கேட்டறிக. சில கம்பெனிகளில் அவ்வழியுண்டு, சம்பளமுங் குறைவில்லை. பெற்றோர்க்கு யான் சொல்வது சிறிது. சின்ன வெங்காயத்தையும் பருத்தியையும் விற்றுப் படிக்கவைத்தீர்கள், கேட்க உரிமையுண்டு. "மானேஜர் ஆனாயா?" என்பதனை விடுத்து, "இன்று என்ன வேலை பார்த்தாய்?" என்று கேளுங்கள். விடை முழுதும் விளங்காது, எனக்கும் விளங்குவதில்லை. சொல்கின்ற பிள்ளையின் முகம் விளங்கும்.

நம் காரியதரிசி அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரன் பதிவேட்டில் 'பதவி' என்றுள்ள கட்டத்தில் 'செய்யும் வேலை' என மாற்றுக. வரும் பொங்கல் விடுமுறையில், ஊர் திரும்பும் நம் மென்பொருள் தொழிலாளர் நாலைந்து பேரை ஒரு மாலை இம்மண்டபத்தில் அமர்த்தி, இவ்விரு ஜில்லாக்களிலும் கல்லூரியிற் பயிலும் நம் பிள்ளைகள் அவர்களை வினாவும்படி ஏற்பாடு செய்க. பாயும் விளக்கும் யான் பார்த்துக்கொள்கின்றேன். பெற்றோர் பின்வரிசையில் அமரலாம்.